கற்பூரம் காட்டிய கிரைண்டர்

எங்கள் ஓட்டலில் வருஷத்துக்கு ஒரே ஒரு மத்தியானம்தான் அடுப்பு அணைந்திருக்கும். அது ஆயுத பூஜை மத்தியானம். காலை டிபனும் மதியச் சாப்பாடும் முடிந்து, பாத்திரமெல்லாம் தேய்த்து, கிரைண்டரைக் கழுவித் துடைத்து, கரண்டி, கத்தி, தோசைக்கல், தேங்காய் துருவி என்று ஒன்று விடாமல் வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு அப்பா கற்பூரம் காட்டுவார். அதற்கப்புறம் மறுநாள் காலை வரைக்கும் ஒரு டீஸ்பூனைக்கூட யாரும் தொடக் கூடாது. அன்று சாயங்காலம் எங்களுக்கே காபி வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்க் குடித்துவிட்டு வருவோம். கிரைண்டருக்கும் லீவு என்பதால் விஜயதசமி காலையில் மாவு இருக்காது. தோசை, இட்லி கிடையாது, பொங்கல் மட்டும்தான். வாடிக்கைக்காரர்களுக்கு அது தெரியும், கேட்கவே மாட்டார்கள்.

அப்பாவைப் பெரிய பக்திமான் என்று நினைத்துவிட வேண்டாம். அம்மா இழுத்துக்கொண்டு போனால் கோயிலுக்குப் போவார், வாசலிலேயே நின்று எல்லோர் செருப்பையும் பார்த்துக்கொள்வார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரை அசைக்க முடியாது. கல்லாவி என்கிற ஊருக்குப் பக்கத்தில் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே ஏரும் அரிவாளும் கடப்பாரையும் பூஜையில் உட்கார்ந்துவிட்டால், மாட்டுக்குப் புல் வேண்டுமென்றாலும் கையால்தான் பிடுங்குவார்களாம். "வருசம் பூரா நம்மகூடச் சேந்து வேவுதுங்க. ஒரு மத்தியானம் ஆறட்டுமே" என்பார். அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. ஆயுத பூஜை வந்தால் எனக்கு அந்தக் குரல்தான் முதலில் காதில் விழுகிறது.

ஓட்டல் ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் இருந்தது. சைவ ஓட்டல், பத்து மேஜை. அப்பா சமையல், அம்மா இலையும் காய்கறியும், கல்லாவில் நான். ஒரு காலத்தில் பெங்களூர் போகிற பஸ்காரர்கள், லாரிக்காரர்கள் எல்லோரும் எங்கள் வாசலில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுத்தான் எல்லையைத் தாண்டுவார்கள். அந்தப் பக்கத்து நாக்குக்கு ஏற்ப அப்பா சாம்பாரில் வெல்லம் கொஞ்சம் தாராளமாகவே போடுவார். பிறகு மேம்பாலம் வந்தது. வண்டிகளெல்லாம் எங்கள் தலைக்கு மேலே போக ஆரம்பித்தன. கம்பெனிகளும் ஒவ்வொன்றாகச் சொந்தக் கேன்டீன் வைத்துக்கொண்டன. இருந்த ஒரு சமையல் மாஸ்டரும் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வெல்லம் போட்ட சாம்பார் மட்டும் மாறவில்லை, அதைச் சாப்பிடத்தான் ஆளில்லை.

நான் சொல்கிற வருஷத்தில் ஒரு செல்ஃபோன் கடைக்காரர் எங்கள் இடத்தைக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார். மரியாதையான மனுஷர். கண்ணாடிக் கதவு, ஏசி என்று என்னென்னவோ படம் காட்டுவார். விஜயதசமி நல்ல நாள், அன்றைக்குப் பதில் சொல்கிறேன் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். பதில் என்னவென்று எங்களுக்குத் தெரியும். இடத்தைக் கொடுத்துவிட்டால் அப்பாவும் அம்மாவும் கல்லாவிக்கே போய்விடுவார்கள். எனக்கு ஊத்தங்கரையில் ஒரு வரன் தயாராக இருந்தது. நிலம் இருந்தது, கடை இருந்தது, பையனும் நல்ல பையன்தான் என்றார்கள். எனக்குத்தான் இஷ்டமில்லை. இட்லி வேகிற வாசனையில் எழுந்து பழகிவிட்டேன், அந்த ஓட்டலை விட்டுப் போக மனசு வரவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது.

அந்தக் காரணம் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தது.

நானும் அம்மாவும் எங்களுக்குள் அவரை 'விருதுநகர்' என்றுதான் சொல்வோம். முதல் நாள் சாப்பிட்டு முடித்துக் கல்லாவுக்கு வந்தவர், சாம்பாரில் சர்க்கரை டப்பா கவிழ்ந்துவிட்டதா என்று ரொம்ப அக்கறையாக விசாரித்தார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்குக்கு மேலே. இது எங்கள் ஊர்ச் சாம்பார், பிடிக்காதவர்கள் தயிர் ஊற்றிக்கொள்ளலாம், அதுவும் பிடிக்காவிட்டால் கம்பெனிக் கேன்டீனுக்கே போகலாம் என்றேன். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். காலை ஏ ஷிப்டு என்றால் முடிந்து சாயங்கால டிபனுக்கு, மத்தியான பி ஷிப்டு என்றால் போகும் வழியில் மதியச் சாப்பாட்டுக்கு. வருவார், சாப்பிடுவார், சாம்பாரைக் குறை சொல்வார், போவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், பிடிக்காத இடத்துக்கு எதற்குத் தினமும் வருகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"சாம்பார்தாங்க பிடிக்கலைன்னேன்" என்றார்.

எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. அவருக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "உங்களுக்கு என்னாங்க?" என்று கேட்டேன். அவர் பல் குத்துகிற குச்சி எடுக்க வந்தவர். உள்ளே அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது.

ஆரம்பத்தில் அவர் அப்பாவை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார், அவர்கள் ஊர் வழக்கம். அப்பாவுக்கு அதில் ஒரு சங்கடம். எங்கள் ஊரில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். ஒருநாள் திடீரென்று அண்ணாச்சியை விட்டுவிட்டு 'சார்' என்றார். அப்பா கவனிக்கவில்லை. அம்மா கவனித்துவிட்டாள். அண்ணன் என்று கூப்பிட்டால் அவர் மகள் இவனுக்கு என்ன முறை ஆகும் என்று பையன் கணக்குப் போட்டிருக்கிறான், புத்திசாலிதான் என்று என்னிடம் தெலுங்கில் சொன்னாள். அம்மா தெலுங்கு பேசுகிற பேரிகை ஊர்க்காரி. ரகசியமும் கோபமும் அவளுக்குத் தெலுங்கில்தான் வரும்.

அந்த வருஷம் அவர் கம்பெனியில் ஏதோ அவசர ஆர்டர். ஆயுத பூஜை அன்றும் அவர் செக்ஷனுக்கு வேலை, ஆனால் கேன்டீனுக்கு லீவு. பூஜைச் சாப்பாட்டுக்கு எங்கே சொல்வது என்று மேனேஜர் கேட்டபோது விருதுநகர் எங்கள் ஓட்டலைச் சொல்லியிருக்கிறார். இருநூறு பேருக்குச் சாப்பாடு. அது நன்றாக இருந்தால், கேன்டீன் இல்லாத ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்களிடமே சொல்வதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். இதைச் சொல்ல வந்த அன்று அவர் சாம்பாரைக் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு கிடைத்துவிட்டால் ஓட்டல் பிழைத்துக்கொள்ளும், நானும் ஊத்தங்கரைக்குப் போக வேண்டாம். அப்பா மேலுக்கு ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் பெரிய பாத்திரங்களை எல்லாம் பரணிலிருந்து இறக்கி அவரே தேய்த்தார்.

அன்று காலை டிபன் போடுவதில்லை, மதியம் கம்பெனிச் சாப்பாட்டை அனுப்பிவிட்டு, எப்போதும் போல் அதற்கப்புறம் எங்கள் பூஜை என்று ஏற்பாடு. முந்தின நாள் சாயங்காலம் விருதுநகர் வந்து தானும் ஏதாவது செய்கிறேன் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பூஜை வேலையை நீ பார்த்துக்கொள் என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னார். பூசணிக்காய், பொரி, மாலை வாங்கி வருகிற வேலையைத்தான் அப்பா சொன்னது. இவரோ செக்ஷனில் மூன்று வருஷமாகப் பூஜைப் பொறுப்பாளர். வருங்கால மாமனார் பூஜையையே தன் கையில் கொடுத்துவிட்டதாக நினைத்து, ராத்திரி அவருக்குத் தூக்கமே வரவில்லையாம்.

காலையில் அப்பா காய்கறி வாங்க உழவர் சந்தைக்குப் போயிருந்தார். அம்மா பின்பக்கம் வீட்டில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் வாழைக்கன்று கட்டிவிட்டுக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். விருதுநகர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கையில் பூசணிக்காயும் இன்னொரு கையில் ஒரு மூட்டைச் செண்டுமல்லி மாலையுமாக வந்து சிரித்துவிட்டு உள்ளே போனார். கம்பெனியில் பூஜை பதினொரு மணிக்குத்தான், அதுவரை இங்கே உதவி செய்வதாகச் சொன்னார். உள்ளே அவருக்கு என்ன வேலை என்று நான் கேட்டிருக்கலாம். வந்தாரே என்ற சந்தோஷத்தில் கோலத்தை இன்னும் நாலு வரிசை பெரிதாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மணிச் சத்தம் கேட்டது. சாம்பிராணிப் புகை வாசல் வரை வந்தது. கோலமாவுக் கையோடு ஓடினேன்.

சமையற்கட்டே கல்யாண வீடாக இருந்தது. கிரைண்டருக்கு மாலை. கேஸ் சிலிண்டருக்கு மாலை. அடுப்பின் ஒவ்வொரு திருகிலும் குங்குமம். அப்பா தேய்த்து வைத்த அண்டாக்கள் எல்லாம் பட்டை போட்டுக்கொண்டு நின்றன. கரண்டிகளை நீளவாரியாக அடுக்கி ஒவ்வொன்றின் நெற்றியிலும் பொட்டு வைத்திருந்தார். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த அரிவாள்மனை, வெல்ல டின், மிளகாய்த்தூள் டப்பா எதுவும் தப்பவில்லை. நடுவில் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. விருதுநகர் மணியைக் கீழே வைத்துவிட்டு, சார் வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன் பார்த்தீர்களா என்று முகமெல்லாம் பல்லாக நின்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மத்தியானத்துக்கு எதில் சமைப்பது என்று கேட்டேன்.

"இதுலதான். எங்க கம்பெனில கற்பூரம் காட்டுன அடுத்த நிமிசம் மெசின் ஓடும்ல."

உண்மைதான். மூன்று ஷிப்டு ஓடுகிற மெஷினுக்கு ஏது ஓய்வு. பொட்டு வைப்பார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள், பட்டனை அமுக்குவார்கள். பூஜை என்றால் அவருக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் அந்த நேரத்தில் அதையெல்லாம் யோசிக்கிற பொறுமை எனக்கு இல்லை. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். யாரைக் கேட்டுக் கற்பூரம் காட்டினீர்கள், இருநூறு பேருக்கும் பொட்டையும் பொரியையும் பரிமாறப் போகிறீர்களா, என்னை ஊத்தங்கரைக்கு பஸ் ஏற்றிவிடத்தான் இவ்வளவு பாடா என்று கேட்டேன். கடைசியில் சொன்னது என்னை அறியாமல் வந்துவிட்டது. அவருக்கு ஊத்தங்கரை வரன் விஷயம் அதுவரை தெரியாது. குங்குமக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் புதுச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். அம்மா ஈரத் தலையோடு வந்து பார்த்தாள், நெற்றியில் அடித்துக்கொண்டு தெலுங்கில் ஆரம்பித்தாள்.

அப்பா வந்தார். தோளில் வாழை இலைக் கட்டு. அதை இறக்கிக்கூட வைக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கிரைண்டரைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார், கரண்டிகளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இலைக்கட்டை இறக்கினார், செருப்பைக் கழற்றினார், தட்டிலிருந்து குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கும்பிட்டார். அப்பா கும்பிட்டுவிட்டால் முடிந்தது. இனி நாளைக் காலைதான்.

அம்மா விடவில்லை. தெரியாமல் செய்தது, சாமி கோபித்துக்கொள்ளாது, ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றாள். நானும் சேர்ந்துகொண்டேன். ஓட்டலே போகப் போகிறது, இன்னும் என்ன பிடிவாதம் என்று கத்தினேன். அழுகையாகவே வந்தது. அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. இந்தச் சாலையில் இன்றைக்குப் பூஜையில் உட்காராத பாத்திரம் யாரிடம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். வாடகைப் பாத்திரக் கடை பூட்டியிருந்தது, அங்கேயும் பூஜை. மற்ற ஓட்டல்களில் அவரவர்க்கு அவரவர் பாடு. மிச்சம் இருந்தது சாலைக்கோடியில் பாய் வைத்திருந்த பிரியாணிக் கடை.

"அதுல கறி வெந்த பாத்திரம்ங்க" என்றாள் அம்மா.

"பாத்திரம்னா தேச்சா போயிரும்" என்றார் அப்பா. "கும்பிட்டத எதப் போட்டுத் தேய்க்கறது?"

இருபத்தைந்து வருஷமாக வெங்காயம் நறுக்கிய கத்தியைக்கூட அடுத்தவர்க்குக் கொடுக்காத சைவ ஓட்டல்காரர், காய்கறிக் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு பிரியாணிக் கடைக்கு நடந்தார். பின்னால் அரிசி மூட்டையோடு விருதுநகர். அதற்குப் பின்னால் வாழை இலைக் கட்டோடு நான். கடை திறக்கக் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

பாய் விஷயத்தைக் கேட்டு முதலில் விருதுநகரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், எல்லாம் புரிந்த மாதிரி மீசைக்குள் சிரித்தார். "இன்னிக்கு ஊரே சைவம். எனக்கு எங்க யாவாரம்? கொல்லையில நாலு அடுப்பும் உங்களுதுதான்" என்றார். தேக்சா என்கிற பிரியாணி அண்டாக்களைப் புளியும் சாம்பலும் போட்டு அவரும் அவர் வீட்டம்மாவும் தேய்த்தார்கள், விருதுநகர் தேய்த்தார், அப்பா வாங்கி மறுபடி தேய்த்தார். மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார், திரும்பக் கொடுப்பார். நாலாவது தடவை பாய்க்கே பொறுமை போய்விட்டது. இனிமேல் தேய்த்தால் ஓட்டைதான் விழும் என்றார்.

கிரைண்டர் இல்லை, அதனால் வடை இல்லை. வெல்லமும் மசாலாவும் பூஜையில், அதனால் சாம்பாருக்குப் பாய் வீட்டு மிளகாய்த்தூள். அவர் கடைக் கத்தியைத் தொட அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை, பீன்ஸையெல்லாம் கையாலேயே ஒடித்துப் போட்டாள். விருதுநகர் தான் உடைக்கக் கொண்டுவந்த பூசணிக்காயையே கூட்டு வைத்துவிடலாமா என்று யோசனை சொன்னார். திருஷ்டிக்கு வாங்கின பூசணிக்காயைக் கூட்டு வைப்பதா என்று அம்மா தெலுங்கில் கேட்டது அவருக்குப் புரியாமல் போனது நல்லதாகப் போயிற்று.

அப்பா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் என் வழியாகத்தான். அந்தப் பையனை விறகு எடுத்து வரச் சொல், அந்தப் பையனைத் தள்ளி நிற்கச் சொல். ரெண்டடி தூரத்தில் நிற்கிறவருக்கு நான் தபால்காரி. நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே திருப்பிச் சொன்னேன். சாம்பார் தேக்சாவைக் கிண்டும்போது ரெண்டு பேரும் புகைக்குள் நின்றோம். அவர் மெதுவாக, ஊத்தங்கரை எப்போது என்று கேட்டார். ஓட்டல் போனால் உடனே என்றேன். அவர் என் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டு கிண்டினார். நெற்றியில் கரி, கண்ணெல்லாம் சிவப்பு. அந்தக் கோபத்திலும் எனக்கு அந்த ஆளை விட்டுவிடக் கூடாது என்றுதான் தோன்றியது. இன்றைக்கும் கல்யாண போட்டோவை விட அந்த முகம்தான் எனக்கு நினைவில் இருக்கிறது.

சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. விருதுநகர் கம்பெனிப் பூஜைக்கு முன்னாலேயே ஓடிவிட்டிருந்தார், அப்பாவும் நானும் சாப்பாட்டோடு ஆட்டோவில் போனோம். செக்ஷனில் மெஷின்களுக்கெல்லாம் மாலை போட்டிருந்தார்கள், நடுவில் பெஞ்சுகளை இழுத்துப் போட்டு இலை விரித்தார்கள். சாதம் அடியில் கொஞ்சம் குழைந்திருந்தது. சாம்பார் சுமார். வடை எங்கே என்று நாலைந்து பேர் கேட்டார்கள். நான் மனசுக்குள் ஊத்தங்கரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாயிற்று.

ரசம் வந்ததும் இலைகளில் ஒரு சலசலப்பு. ரெண்டாம் முறை கேட்டார்கள். மூன்றாம் முறை டம்ளரை நீட்டினார்கள். மேனேஜர் பெங்களூர்க்காரர், ஒரு வாய் குடித்துவிட்டு, "சாரு சென்னாகிதே", ரசம் நன்றாக இருக்கிறது என்றார். என்ன போட்டீர்கள், ஒரு வாசனை வருகிறதே, என்ன அது என்று கன்னடத்தில் கேட்டார். நான் அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். ஏதோ ஒரு மூலிகை என்று சொல்லிவிட்டால் என்ன கெட்டுப்போகும்.

அப்பாவுக்குப் பொய் வராது. கன்னடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். பாத்திரமெல்லாம் பூஜையில் இருக்கிறது, இது பிரியாணித் தேக்சா, நன்றாகத்தான் தேய்த்தோம், ஆனாலும் பட்டை கிராம்பு வாசனை போகவில்லை, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் மன்னிக்க வேண்டும் என்று கைகூப்பினார். சிலர் இலையிலிருந்து கையை எடுத்தார்கள். மேனேஜர் அப்பாவையே பார்த்தார். ஏன் உங்கள் பாத்திரத்தை எடுக்கவில்லை, யாருக்குத் தெரியப் போகிறது என்று கேட்டார். அப்பா சங்கடமாகச் சிரித்தார். மேனேஜர் டம்ளரில் மிச்சம் இருந்த ரசத்தைக் குடித்து முடித்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அனுப்புங்கள், வடையோடு அனுப்புங்கள், ஆனால் ரசம் மட்டும் இதே ரசம் வேண்டும் என்றார். அதற்கப்புறம் வெகுகாலம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ரசத்தில் ஒரு துண்டு பட்டை விழுந்துகொண்டிருந்தது.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பா மட்டும் ஓட்டலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பொட்டு வைத்த பாத்திரங்களைப் பார்த்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு என்ன பதில் என்று அம்மா கேட்டதற்கு, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். செல்ஃபோன் கடைக்காரரும் நாளைக்குத்தான் வருவார்.  விருதுநகர் பக்கத்து வீட்டுக்கு ஃபோன் செய்து, சார் என்ன முடிவு செய்தார் என்று கேட்டதாக அவர்கள் வந்து சொன்னார்கள். காலையில் வந்து அவரே கேட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பினேன்.

விஜயதசமி விடிந்தது. அப்பா குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பழையபடி பூஜைக்கு முன்னால் நின்றார். வழக்கமாக அவரே கும்பிட்டுவிட்டு முதல் பாத்திரத்தை எடுப்பார். அன்றைக்கு எடுக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். விருதுநகர் அந்த நேரத்துக்குத்தான் வந்தார். அதே புதுச் சட்டை, குங்குமக் கறை துவைத்தும் போகவில்லை. பாதி திறந்த ஷட்டருக்கு வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

"உள்ள வாப்பா" என்றார் அப்பா. முந்தின நாள் காலையிலிருந்து அவரிடம் நேராகப் பேசின முதல் வார்த்தை அதுதான். "நீதான வெச்ச. வெச்ச கைதான் எடுக்கணும்."

விருதுநகர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். எதை எடுப்பது என்று அப்பாவைப் பார்த்தார். அப்பா பொங்கல் அண்டாவைக் காட்டினார். இருப்பதிலேயே பெரியது அது, ஒரு ஆள் தூக்குகிற சாமான் இல்லை. அவர் குனிந்து ரெண்டு வளையத்தையும் பிடித்து இழுத்துப் பார்த்தார், கழுத்து நரம்பு புடைத்தது, அண்டா நகரவில்லை. அம்மா உதவிக்குப் போகக் காலெடுத்தாள். அப்பா கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

என்னைப் பார்க்காமலே, கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீ அந்தப் பக்கம் புடி."

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் போய் மறுபக்கத்து வளையத்தைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்தார். தூக்கினோம். அடுப்பின் மேல் கொண்டுபோய் வைத்தோம். அப்பா குங்குமம் வைத்த திருகைத் திருப்பிப் பற்றவைத்தார்.

"அரிசியக் களைஞ்சு போடு. ஃபோன் கடைக்காரரு பத்து மணிக்கு வர்றாரு. எடம் கெடையாதுன்னு சொல்லணும். வெறும் வயித்துல சொன்னா நல்லா இருக்காது" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. புகை என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை, அது கேஸ் அடுப்பு.